ஞாயிறு காலை, ஒரு கார், ஒரு ஹோஸ் பைப்... புதுச்சேரிக்கு இது கட்டுப்படியாகுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கம் சும்மா ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள். தெருவுக்கு ஒருத்தராவது ஷார்ட்ஸோடு கார் பக்கத்தில் நிற்பார். முன்பெல்லாம் இதற்குப் பேர் 'வண்டி கழுவுறது'. இப்போது 'டீடெய்லிங்'. க்ளே பார், மைக்ரோஃபைபர் துணி, பாலிஷர் மெஷின்னு ஆன்லைனில் வாங்கிக் குவித்து, யூடியூபைப் பார்த்து வீட்டிலேயே பண்ணுகிறார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேல் போட்ட செஸ்ஸும் போய்விட்டது. முதல் கார் வாங்கியவர்களுக்கு வண்டி மேல் ஒரு கீறல் விழுந்தாலும் மனசு தாங்காது. அந்தப் பாசம்தான் இந்த ஹாபிக்கு அஸ்திவாரம். அதைத் தப்பு சொல்லவே முடியாது.

ஆனால், நீங்கள் இருப்பது புதுச்சேரி. இங்கே பிரச்னை பைப்பைத் திறக்கும்போதே ஆரம்பிக்கிறது.

நம்ம ஊர் பெரும்பாலும் குடிப்பது நிலத்தடி நீரைத்தான். பாரதி பூங்கா நடுவில் நிற்கிற வெள்ளை ஆயி மண்டபம், முத்திரைப்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாகப் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கட்டியது. செல்ஃபி எடுக்கும்போது யாரும் இதை யோசிப்பதில்லை! தண்ணீருக்காக மண்டபம் கட்டிய ஊரில், இன்று பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சினால், கடல் நீர் உள்ளே வரத்தானே செய்யும்?

'ஃபெஞ்சல் புயல்ல அவ்வளவு மழை கொட்டுச்சே'ன்னு கேட்பீர்கள். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த அந்தப் புயலில், ஒரே நாளில் 46 செ.மீ-க்கு மேல் பெய்தது உண்மைதான். ரெயின்போ நகரில் வெள்ளம் புகுந்தது. ஆனால், அவ்வளவு வேகமாகக் கொட்டும் தண்ணீரில் பெரும்பகுதி நிலத்துக்குள் இறங்க நேரமே இல்லாமல் வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போய்விடும்.

சரி, உப்புத் தண்ணீரில் கழுவினால் காருக்கு என்ன ஆகும்? வெயிலில் சூடான பானெட் மேல் தண்ணீர் காய்ந்ததும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் வட்ட வட்டமாகத் தங்கிவிடும். கறுப்பு காராக இருந்தால் தேமல் மாதிரி தெரியும். அந்தக் கறையைப் போக்க பாலிஷ் போடுவீர்கள். பாலிஷ் என்பதே பெயின்ட்டின் மேல் இருக்கும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்த்து எடுப்பதுதான். அதன் தடிமன் பெரும்பாலான கார்களில் சுமார் 40, 50 மைக்ரான்தான். ஒரு ஏ4 பேப்பரில் பாதி. மாசம் ஒருமுறை ஆசை ஆசையாகத் தேய்த்தால் கடைசியில் பளபளப்பே மிஞ்சாது.

அதனால் வண்டிக்கு நல்லது எதுவோ, அதுவே ஊர்த் தண்ணீருக்கும் நல்லதாக அமைந்துவிட்டது. ஹோஸ் பைப்பை அரை மணி நேரம் திறந்துவிட்டால், நிமிஷத்துக்கு 10 லிட்டர் என்று வைத்தாலே 300 லிட்டர் காலி. இரண்டு பக்கெட் முறையில் 30, 40 லிட்டர் போதும். ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் துணியை அலசும் தண்ணீர். முதலில் மண்ணை நனைத்து இறக்கிவிட்டு, மேலிருந்து கீழாகத் துடைத்து வாருங்கள். நிழலில், வண்டி ஆறின பிறகு. ஈரம் காயும் முன் மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுத்துவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு மட்டும் வேண்டாம், போட்டிருக்கும் வேக்ஸையும் அது கழுவிவிடும். காய்ந்த தூசியை மஞ்சள் துணியால் வறட்டு வறட்டுன்னு துடைப்பது அதைவிட மோசம். வெயில் பட்டால் தெரியும் சிலந்தி வலைக் கீறல்கள் எல்லாம் அதன் வேலைதான். ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனத்தை மறுநாளே ஈரத் துணியால் எடுத்துவிடுங்கள், சாமி கோவிச்சுக்காது.

ஷோரூமில் ஆயிரக்கணக்கில் சொல்லும் செராமிக் கோட்டிங்கைப் பற்றியும் நிறைய பேர் கேட்கிறார்கள். அழுக்கு ஒட்டாமல் இருக்கும், கழுவுவது சுலபம், வாஸ்தவம். கீறலே விழாது என்பது விற்பனைப் பேச்சு. கடல் காற்று அரிப்பது அடிப்பாகத்தை. அங்கே செராமிக் போடுவதில்லை. ஈ.சி.ஆர் பீச் பக்கம் அடிக்கடி வண்டியை நிறுத்துபவர் என்றால், தண்ணீரை வீல் ஆர்ச்சுக்கும் அடிப்பாகத்துக்கும் செலவழியுங்கள்.

பெங்களூரில் 2024 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். புதுச்சேரியிலும் அப்படி ஒரு உத்தரவு வந்தால் முதலில் மாட்டப்போவது யார்? பக்கெட்டோடு நிற்கும் ஹாபி பார்ட்டிதான், அவர்தானே வாசலில் கண்ணுக்குத் தெரிகிறார். தினமும் வரிசையாக வண்டிகளை பிரஷர் பம்ப்பில் அடிக்கும் வாட்டர் வாஷ் கடைகளில் தண்ணீரை மறுசுழற்சி செய்யச் சொல்வதுதான் நியாயமான முதல் படி. அதோடு, அங்கே வழியும் சோப்பும் கிரீஸும் எந்த வாய்க்காலில் கலக்கிறது என்றும் யாராவது கேட்க வேண்டும். நம்ம ஊர் நடுவில் ஓடும் பெரிய வாய்க்கால் நேராகக் கடலுக்குத்தான் போகிறது.