கேசவன் சறுக்கி முடித்த பிறகு வந்த கொடி

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் மீதான தடை 2014 பிப்ரவரி 11 அன்று விலகியதைத் தங்கள் நாளிதழில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். ஒலிம்பிக் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாட்டின் தடை நீங்குவது இதுதான் முதல் முறையாம். பனியில் சறுக்குப் பலகையில் பாயும் லூஜ் வீரர் ஷிவா கேசவனுக்கு இதனால் என்ன பயன்? சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் அவருடைய போட்டி 8, 9 தேதிகளிலேயே முடிந்துவிட்டது. 37ஆம் இடம். தடையால் அவர் பெயருக்கு எதிரே இந்தியா இல்லை.

கொல்லிமலைக்காரனுக்குப் பனிச்சறுக்கில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். எங்களுக்கு மார்கழி மூடுபனிதான் தெரியும், உறைபனி தெரியாது. ஆனால் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் ஊருக்கு வருகிறோம். எதிரே லாரி வந்தால் பஸ் டிரைவரே மூச்சைப் பிடித்துக்கொள்ளும் பாதை. இப்படிப்பட்ட இமாலயச் சாலைகளில், சறுக்குப் பலகைக்குச் சக்கரம் பூட்டி, மல்லாந்து படுத்து, கால் முன்னே நீட்டி, லாரிகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் நடுவே பயிற்சி எடுத்தவர் மணாலிக்காரரான கேசவன். நாட்டில் லூஜுக்கென்று ஒரு பனித்தடம் கிடையாது. 1998இல் நாகானோவில் பதினாறு வயதில் தொடங்கியவருக்கு இது ஐந்தாவது ஒலிம்பிக். செலவுக்குப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டினார். அவர் கேட்காமலே கிடைத்திருக்க வேண்டியது கொடி ஒன்றுதான்.

அதைப் பறித்தது யார்? காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி ஊழல் வழக்கில் சிறை சென்று ஜாமீனில் வந்த லலித் பனோட்டைப் பொதுச்செயலர் ஆக்கியே தீருவோம் என்று 2012 டிசம்பரில் சங்கம் அடம்பிடித்தது. சர்வதேச ஒலிம்பிக் குழு தடை விதித்தது. தேர்தலுக்கு அரசின் விதியா, ஒலிம்பிக் சாசனமா என்று வாதாடியே ஓராண்டு போனது. கடைசியில் பணிந்து, புதிய தேர்தலுக்குக் குறித்த நாள் 2014 பிப்ரவரி 9. தொடக்க விழா பிப்ரவரி 7! போட்டி சோச்சியில் நடக்கும் என்பது 2007லேயே முடிவானது. பஞ்சாங்கம் பார்க்க வேண்டாம், காலண்டரைப் புரட்டியிருந்தால் போதும்.

இதில் என்னை அதிகம் எரிச்சலூட்டுவது வேறொன்று. தலைவர், பொதுச்செயலர், பொருளாளர் மூன்று பதவிக்கும் போட்டியே இல்லை. போட்டியில்லாத தேர்தலை ஒரு மாதம் முன்னால் வைக்க என்ன தடை? சோச்சிக்குப் போன மூன்றே வீரர்கள் கொண்ட குழுவுக்காக யார் அவசரப்படுவது என்ற அலட்சியம்தானே? போனது கிரிக்கெட் அணியாக இருந்திருந்தால் நள்ளிரவில் கூட்டம் போட்டிருப்பார்கள்.

தலைவராகியிருக்கும் என். ராமச்சந்திரன் சென்னைக்காரர், உலக ஸ்குவாஷ் கூட்டமைப்பின் தலைவர். நம்மவர் என்று சந்தோஷப்படலாம். அதனாலேயே அவரிடம் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. அந்தத் தேதியைக் குறித்தது யார், முன்கூட்டி நடத்தலாம் என்று ஒருவராவது சொன்னாரா என்பதைச் சங்கம் வெளியிடட்டும். குழுவின் மற்ற இருவரான நதீம் இக்பாலும் ஹிமான்ஷு தாக்கூரும் இனி மூவர்ணத்தோடு களமிறங்குவார்கள், மகிழ்ச்சி. கேசவனிடம் சங்கம் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் அதையும் இதே கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செம்மேடு, கொல்லிமலை.
13.2.2014