கணக்குக் கேட்பது அவிசுவாசமா?





சில வாரங்களுக்கு முன் ஜனக்புரியில் ஞாயிறு ஆராதனை முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில் ஒரு சகோதரி என்னிடத்தில் வந்தார்கள். மருத்துவமனையில் இரவுப்பணி செய்யும் செவிலியர். சம்பளம் கைக்கு வந்ததும் தசமபாகத்தைப் பிரித்து வைத்த பின்னரே வீட்டு வாடகையை எடுத்து வைக்கிறவர்கள். கைப்பையிலிருந்து ஒரு வண்ணத் துண்டுப்பிரதியை எடுத்துக் காட்டினார்கள். "ஐயா, நம் ஊர்ப் பக்கத்தில் நடக்கிற இந்தப் பிள்ளைகள் இல்லத்துக்கு நாலு வருஷமாய் மாதம் ஆயிரம் ரூபாய் அனுப்புகிறேன். இப்போது கட்டிடத்துக்கென்று ஐம்பதாயிரம் கேட்டிருக்கிறார்கள். அனுப்பலாமா?" என்றார்கள். இதுவரை கொடுத்ததற்குக் கணக்குக் கேட்டதுண்டா என்று நான் விசாரித்தேன். அவர்கள் முகம் மாறிவிட்டது. "தேவ ஊழியரிடத்தில் கணக்குக் கேட்கலாமா ஐயா? அது பாவமல்லவா?" என்றார்கள்.

அந்தச் சகோதரியை நான் குறைசொல்லமாட்டேன். அபிஷேகம் பெற்றவர்களைத் தொடக்கூடாது என்று அவர்களுக்குப் பிரசங்க பீடத்திலிருந்து கற்பித்தவர்கள் நாங்களே. 105ஆம் சங்கீதத்தின் அந்த வசனம் யாரைக்குறித்துச் சொல்லப்பட்டது? பரதேசிகளாய்த் திரிந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்பவர்களை ராஜாக்கள் ஒடுக்காதபடி கர்த்தர் காத்த சரித்திரம் அது. வரவு செலவுச் சீட்டைக் கேட்கும் விதவையிடமிருந்து ஊழியக்காரனைக் காப்பாற்ற அது எழுதப்படவில்லை. அபிஷேகம்பண்ணுகிறவனாயிருந்த சாமுவேல் தீர்க்கதரிசியோ, தன் முதிர்வயதில் எல்லா ஜனங்களுக்கு முன்பாகவும் நின்று, யாருடைய எருதை எடுத்தேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள் என்று தானாகவே கேட்டான் (1 சாமுவேல் 12). வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்ற ஆண்டவரின் போதனையும் கொடுக்கிறவனுக்குச் சொல்லப்பட்டது. வாங்கினவனுக்கு அதில் ஒளிப்பிடம் இல்லை.

வேதாகமக் கல்லூரியில் எங்களோடு படித்த ஒருவர், 2 இராஜாக்கள் 12:15ஐ அடிக்கடி எடுத்துக்காட்டுவார். ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் பெற்றவர்கள் உண்மையாய் நடந்ததினால் அவர்களிடத்தில் கணக்குக் கேட்கவில்லை என்று அங்கே வாசிக்கிறோம். ஆனால் அதற்கு முந்தின வசனங்களை அவர் வாசிப்பதில்லை. யோவாஸ் ராஜாவின் 23ஆம் வருஷம்வரைக்கும் ஆசாரியர்கள் பணத்தை வாங்கிக்கொண்டே இருந்தார்கள், ஆலயமோ பழுதாகவே கிடந்தது. அதன்பின்புதான் மூடியில் துவாரமிட்ட பெட்டி வந்தது. ராஜாவின் சம்பிரதியும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணினார்கள். வெவ்வேறு அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்ட இரண்டு பேர்! ஒருவர் மற்றவருடைய வேலைக்காரர் அல்ல. அந்த ஏற்பாடு இருந்தபடியால்தான் கொத்தனையும் தச்சனையும் நம்ப முடிந்தது.

இதை எழுதும்போது என் சொந்தப் பிழை ஒன்று நினைவுக்கு வருகிறது. ஏறக்குறைய 20 வருஷங்களுக்கு முன், ஒரு நண்பர் நடத்திய பிள்ளைகள் இல்லத்தின் டிரஸ்டில் என் பெயரையும் சேர்த்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு நோட்டுப் புத்தகம் என் வீட்டுக்கு வரும். நடவாத கூட்டங்களின் தீர்மானங்கள் அதில் அழகாக எழுதப்பட்டிருக்கும். காபி ஆறுவதற்குள் நான் கையெழுத்திட்டு அனுப்பிவிடுவேன். நான்கு வருஷம் இப்படிச் செய்தேன். இல்லத்தின் நிலம் அந்த நண்பரின் மனைவி பெயரில் இருந்தது என்பதைப் பின்னர் ஒரு வழக்கின்போதுதான் அறிந்தேன். அந்தத் தீர்மானத்தின் கீழும் என் கையெழுத்து இருந்தது. நான் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனாலும் பிள்ளைகளுக்கென்று கொடுத்தவர்கள் என் பெயரையும் பார்த்துத்தானே கொடுத்தார்கள்?

ஊழியத்தின் நிர்வாகம் என்பது தணிக்கையாளரின் முத்திரையைவிடப் பெரிய காரியம் என்பதை உலகமே பார்க்கும்படி கற்பித்த சம்பவம் ஒன்று உண்டு. கேரளத்தின் நிரணத்தில் பிறந்த கே.பி. யோஹன்னான் அவர்கள், இளமையில் ஓ.எம். இயக்கத்தோடு வட இந்திய கிராமங்களில் சுவிசேஷம் சொன்னவர். 1979இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் காஸ்பல் ஃபார் ஏசியா என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். அந்தந்த நாட்டு ஊழியரைத் தாங்குங்கள், நீங்கள் ஊழியக்களத்துக்கென்று கொடுப்பது 100 சதவிகிதமும் களத்துக்கே போகும் என்பது அதன் வாக்குறுதி. எளிய ஜனங்கள் மனமுவந்து கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான ஊழியர்களும் பிள்ளைகளும் அதனால் தாங்கப்பட்டதை நான் மறுக்கமாட்டேன்.

அமெரிக்காவில் கிறிஸ்தவ ஸ்தாபனங்களின் நிதி ஒழுங்கைச் சோதிக்கும் இ.சி.எஃப்.ஏ. என்னும் மன்றம் இருக்கிறது. அது தோன்றிய 1979ஆம் ஆண்டிலிருந்தே காஸ்பல் ஃபார் ஏசியா அதில் அங்கத்தினர். வருஷாந்தரத் தணிக்கை இருந்தது, நிர்வாகக் குழு இருந்தது, அந்த மன்றத்தின் முத்திரையும் துண்டுப்பிரதிகளில் இருந்தது. 2014இல் முன்னாள் ஊழியர்கள் பலர் சேர்ந்து தங்கள் மனவேதனைகளைக் கடிதமாக எழுதினார்கள். அதன்பின் கேள்விகள் பெருகின. 2015ஆம் ஆண்டு அக்டோபரில், தன் ஏழு நியமங்களில் ஐந்தை மீறியதாகக் கண்டு, அம்மன்றம் அந்த ஸ்தாபனத்தை நீக்கிவிட்டது.

மன்றத்தின் கடிதத்தில் காணப்பட்டவை நம்மை நடுங்கச் செய்யவேண்டியவை. களத்துக்கென்று கொடுக்கப்பட்ட பணத்தில் 25 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை செலவிடப்படாமல் கணக்குகளில் தேங்கியிருந்தது. இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 2 கோடி டாலர், டெக்சாசில் தலைமை அலுவலகம் கட்டுவதற்கென்று நன்கொடையாகத் திரும்பிப் போயிருந்தது! அமெரிக்க விசுவாசி களத்துக்கென்று கொடுத்தது, களத்தைத் தொட்டுவிட்டு அமெரிக்கக் கட்டிடமாக முளைத்தது. இந்தியாவுக்கு வந்த மாணவர்கள் முதலானோரின் கையில் ஆளுக்கு 4,500 டாலர் உறையிலிட்டுக் கொடுத்தனுப்பப்பட்டதையும் அக்கடிதம் குறிப்பிட்டது. 5,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கம் கொண்டுவருகிறவர்கள் நம் விமான நிலையத்தில் அறிவிக்கவேண்டும் என்பது சுங்க விதி. அந்த எல்லைக்குச் சற்றே கீழே நிற்கிறது அந்தத் தொகை. அவ்வழக்கம் பின்னர் நிறுத்தப்பட்டது.

இதெல்லாம் எப்படிக் கூடிற்று? கொடுக்கும் பக்கத்தின் தலைவரும் பெற்றுக்கொள்ளும் பக்கத்தின் தலைவரும் ஒருவரே. அமெரிக்க ஸ்தாபனத்தின் தலைவர் யோஹன்னான். இந்தியாவில் பிலீவர்ஸ் சர்ச்சின் பேராயரும் அவரே. அனுப்பினவர் பெற்றவரிடத்தில் கணக்குக் கேட்கவேண்டுமானால், அவர் கண்ணாடியின் முன் நின்று தன்னைத்தானே கேட்கவேண்டியிருந்தது.

2016இல் நன்கொடையாளர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள். 2019இல் 3 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ளப்பட்டது. குற்றம் செய்ததாக ஸ்தாபனம் ஒப்புக்கொள்ளவில்லை. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவருக்கு நிர்வாகக் குழுவில் இடம் கொடுக்கவும் அதில் இணங்கினார்கள். இந்திய அரசு 2017இல் பிலீவர்ஸ் சர்ச்சும் அதைச் சார்ந்த அமைப்புகளும் வெளிநாட்டு நிதி பெறுவதைத் தடுத்தது. 2020 நவம்பரில் வருமான வரித்துறை சோதனை நடத்தி, கணக்கில் வராத ரொக்கம் சுமார் 6 கோடி ரூபாய் கிடைத்ததாகவும், அதில் 3 கோடியே 85 லட்சம் டெல்லியிலுள்ள ஒரு வழிபாட்டுத் தலத்தில் இருந்ததாகவும் அறிவித்தது. அது துறையின் அறிவிப்பு, நீதிமன்றத் தீர்ப்பு அல்ல என்பதையும் நாம் நியாயமாகச் சொல்லவேண்டும். யோஹன்னான் அவர்கள் 2024 மே மாதம் டெக்சாசில் ஒரு விபத்தில் காயமடைந்து மரித்தார். மரித்தவரின் இருதயத்தை அறிந்தவர் கர்த்தர். கணக்கைக்குறித்து மட்டுமே நான் பேசுகிறேன்.

அரசு ஒரு ஸ்தாபனத்தின் உரிமத்தை ரத்து செய்துவிட்டால் உடனே அதைத் திருட்டுக் கூட்டம் என்று எண்ணிவிடாதிருங்கள். 2024இல் வேர்ல்ட் விஷன் இந்தியாவின் வெளிநாட்டு நிதி உரிமம் ரத்தானது. காசா போன்ற நெடுங்கால சேவை ஸ்தாபனங்களின் உரிமமும் ரத்தானது. நம்மேல் பிரியமில்லாதவர்கள் சட்டத்தைக் கையில் எடுத்துக் காத்திருக்கும் காலம் இது. அதனால்தான் நம் வீட்டுக் கணக்கு வெளிச்சத்தில் இருக்கவேண்டும் என்கிறேன். உரிமம் இருப்பது உத்தமத்துக்கு அத்தாட்சியல்ல, உரிமம் போவது அக்கிரமத்துக்கு அத்தாட்சியும் அல்ல.

1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியபோது, இந்தியப் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்று அசரியா ஐயர் முதலானோர் தீர்மானித்தார்கள். நம் தென்மாவட்டத்துத் தாய்மார் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைக் காணிக்கைக் கலயத்தில் போட்டுவைப்பது வழக்கம். அந்த அரிசி எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது ஊருக்குத் தெரியும், யார் எடுத்துப்போனார் என்பதும் தெரியும். கண்ணே அங்கு தணிக்கையாளர். இன்று டெல்லியில் உத்தம் நகரிலும் துவாரகாவிலும் இருந்துகொண்டு, 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊழியத்துக்குக் கைப்பேசியில் பணம் அனுப்புகிறோம். கண் எட்டாத இடத்தில் காகிதம்தான் சாட்சி சொல்லவேண்டும். எஸ்றா அகாவா நதியண்டையில் 12 ஆசாரியரின் கையில் பொன்னையும் வெள்ளியையும் நிறுத்துக் கொடுத்தான். எருசலேமில் மறுபடியும் நிறுத்து, நிறையையெல்லாம் எழுதிவைத்தார்கள் (எஸ்றா 8). போனவர்கள் பரிசுத்தவான்கள், போன வழி தூரம்.

ஆகவே அந்தச் சகோதரியிடம், ஒரு கடிதம் எழுதுங்கள் அம்மா என்றேன். கோபமில்லாமல், நன்கொடையாளர் என்ற முறையில் கேளுங்கள். நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் யார், அவர்களில் எத்தனை பேர் ஒரே குடும்பம், கடைசியாக எப்போது கூடினார்கள்? நிலமும் வாகனமும் யார் பெயரில் இருக்கின்றன? பிள்ளைகளின் உணவுக்கென்று கொடுத்தது தனிக் கணக்கில் இருக்கிறதா, அல்லது கட்டிடத்துக்குள் போய்விட்டதா? தணிக்கை அறிக்கையை அனுப்ப முடியுமா? ரசீதுக்குச் செலவுப் பற்றுச்சீட்டு இருக்கிறது என்று தணிக்கையாளர் சொல்லுவார், அந்தச் செலவு தேவையா என்று அவர் சொல்லமாட்டார். அதைக் குழுதான் கேட்கவேண்டும். அதனால் முடிந்தால் இதையும் கேளுங்கள்: கடந்த வருஷம் தலைவர் விரும்பியும் குழு வேண்டாம் என்று சொன்ன காரியம் ஒன்றாவது உண்டா? என் நோட்டுப் புத்தகத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை.

இன்னொன்றும் சொன்னேன். 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் டெல்லியில் பதிவான எந்தச் சங்கமும், தன் நிர்வாகக் குழுவின் பட்டியலை ஆண்டுதோறும் பதிவாளரிடம் கொடுக்கவேண்டும். அதை யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம். சட்டத்தில் எழுதியிருக்கும் கட்டணம் ஒரு ரூபாய். தமிழ்நாட்டுக்கு 1975ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது, வங்கி வழியாகவே அனுப்புங்கள் என்றும் சொன்னேன்.

பவுல் அப்போஸ்தலன் எருசலேமின் ஏழைகளுக்கென்று சேர்த்த பணத்தைத் தானே சுமந்து போயிருக்கலாம். அவரை யார் சந்தேகிப்பார்? ஆனாலும் தீத்துவோடு, சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் வேறொரு சகோதரரையும் கூட அனுப்பினார். கர்த்தருக்கு முன் மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாயிருக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்ததாக எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8). துணையைத் தெரிந்தெடுத்தது சபைகள் என்பதைக் கவனியுங்கள்.

சகோதரி கடிதம் எழுதினார்கள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. உள்ளே அடுத்த வருஷத்து வாக்குத்தத்த நாட்காட்டி ஒன்றும், விசுவாசத்தில் தளர்ந்துபோகாதிருக்க ஓர் எச்சரிப்பும் இருந்தன. கேட்டவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை. அந்த ஐம்பதாயிரம் போகவில்லை. மாதாந்தர ஆயிரத்தை, தான் நேரில் போய்ப் பார்த்துவரக்கூடிய ஒரு முதியோர் இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

அதைச் சொல்லிவிட்டுப் புறப்படும்போது, வாசலில் திரும்பி நின்று, "ஐயா, நம்முடைய சபைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று தாழ்மையாகக் கேட்டார்கள். எங்கள் குழுவில் ஏழு பேர். காணிக்கையை இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திடுகிறார்கள், மாதக் கணக்கு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது என்று மகிழ்ச்சியாகவே சொல்லத் தொடங்கினேன். பெயர்களைச் சொல்லி வந்தபோது நாலாவது பெயரில் என் குரல் தாழ்ந்தது. அது என் மனைவி. ஆறாவது பெயர் என் மைத்துனர். வருகிற பொதுக்கூட்டத்தில் அந்த இரண்டு இடங்களுக்கும் வேறு இருவரைச் சபையார் தெரிந்தெடுக்கப் போகிறார்கள்.