தூரக் காட்சி

பழைய ஆங்கிலப் படமொன்றைச் சென்ற வாரம் மறுபடி பார்த்தேன். 1954இல் பாரமவுண்ட் வெளியிட்ட 'எலிபன்ட் வாக்'. பேய்ப் படங்களின் வரிசையில் அதை யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் துரை பங்களாவுக்குள் செத்தவன் ஒருவன் குடியிருக்கும் கதை அது. தோட்டத்தில் பிறந்த எனக்கு அது பேய்ப் படம்தான்.

ரூத் இங்கிலாந்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றுக்குக் கல்யாணமாகி வருகிறாள். பங்களா, யானைகள் தண்ணிக்குப் போகும் தடத்தை மறித்து மாமனார் கட்டியது. மாமனார் உயிரோடில்லை, கல்லறை வீட்டோடேயே இருக்கிறது. அவர் அறை பூட்டிக் கிடக்கிறது. மகன் அவர் நிழலிலேயே நடக்கிறான். மூத்த வேலையாள் அப்புஹாமி இன்னும் செத்தவருக்குத்தான் ஊழியம் செய்கிறான். பேய் ஒரு தடவைகூடக் கண்ணில் படாது. அதனால்தான் பயம். கடைசியில் தோட்டத்தில் கொலரா பரவுகிறது, யானைகள் மதிலை உடைக்கின்றன, பங்களா எரிகிறது.

யானையின் பழி எங்களுக்குப் புதிதல்ல. 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். நுவரெலியாவில் அவர் கல்லறையையும் இடி பிளந்ததாகச் சொல்வார்கள்.

அந்தப் படம் உருவான கதை இன்னும் கனமானது. 1953 தொடக்கத்தில் ரூத்தாக நடிக்க இலங்கை வந்தவர் விவியன் லீ. இரண்டு ஒஸ்கார் வாங்கியவர். பல வருடமாக மனநோயோடு போராடியவர். இங்கே படப்பிடிப்பில் நோய் முற்றியது. தூக்கம் போனது, பிரமைகள் வந்தன. ஹொலிவுட்டுக்குக் கொண்டுபோயும் முடியவில்லை. மார்ச்சில் அவரை நீக்கி, 21 வயது எலிசபெத் டெய்லரைப் போட்டார்கள். ஆனால் இலங்கையில் எடுத்த தூரக் காட்சிகள் சில அப்படியே படத்தில் தங்கிவிட்டன. முகம் தெரியாத தொலைவில் நடந்துபோகிறவர் விவியன் லீ. கிட்டே வந்தால் டெய்லர்.

எங்கள் லயத்திலும் ஒரு அக்காவுக்குத் தூக்கம் போனது. கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள். உடுக்கைச் சத்தத்தில் அவர் அழுததை இஸ்தோப்பில் நின்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர் என்று அன்று எங்களில் யாருக்கும் தெரியாது. விவியன் லீயின் அந்தத் தூரக் காட்சிகளில் எனக்கு அந்த அக்காவின் ஞாபகம்தான் வருகிறது.

எங்கள் தோட்டச் சனமும் அந்தப் படத்தில் தூரத்தில்தான் இருக்கிறது. கூட்டமாக வருவார்கள், கூட்டமாகச் சாவார்கள். ஒருவருடைய கதையும் நமக்குச் சொல்லப்படுவதில்லை. படம் எடுத்த 1953இல் அவர்களுக்கு நாட்டிலும் பெயரில்லை. 1948இல் குடியுரிமை போய், அதன் பிறகு வாக்கும் போயிருந்தது. பங்களாவின் செத்தவருக்குப் பெயரும் கல்லறையும் தனி அறையும் உண்டு. இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தபோது, நிஜமான கொலராவில் விழுந்தவர்களுக்கு ஒரு கல்லும் கிடையாது. ஆவியாகத் திரும்பிவர உரிமையுள்ளவர்கள் அவர்கள்தான்.

மலையகத்தில் ஒரு பேய்ப் படம் எடுக்க நினைக்கிற இளைஞர்களிடம் நான் கேட்பது இதுதான்: பங்களாவை விட்டுவிட்டு லயத்துக்கு வாருங்கள். பயமும் சாமியும் இங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன. தேயிலை ஸ்டோரில் ரோதைமுனி இருக்கிறார். ரோதை என்றால் சக்கரம். கொழுந்தை அரைக்கிற இயந்திரம் மனிதக் கையையும் அரைக்கும் என்ற பயத்திலிருந்து வந்த சாமி அவர். வேறெந்த ஊருக்கும் அப்படியொரு சாமி தேவைப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

கொழுந்து மலிந்த மாதங்களில் ஸ்டோர் இரவெல்லாம் ஓடும். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் தூங்கினோம். நடுச்சாமத்தில் சத்தம் சட்டென்று நின்றால் லயம் முழுக்க விழித்துக்கொள்ளும். யாரும் பேசமாட்டார்கள். அப்பாயி இருட்டில் எழுந்து உட்கார்ந்து, இரவு வேலைக்குப் போன ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பார், ரோதை மறுபடி சுற்றும்வரை.