தோற்றது வண்டியா, கட்டணப் பட்டியலா?

மின்சார மோட்டார் வண்டி செல்வர்களின் விளையாட்டுப் பொருள்; பெற்றோல் வண்டியே நடுத்தர மக்களுக்கு ஏற்றது. இவ்வாறு பேசுவோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்தம் கூற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிச் சில கேள்விகள் கேட்க விரும்புகின்றோம். வாங்கும் விலையும் இறக்குமதி வரியும் தனி வழக்கு. அதனைப் பிறிதொரு நாள் எடுத்துக்கொள்வோம். இன்றைய விசாரணை ஓட்டச் செலவைப் பற்றியது மாத்திரமே.

எதிர்த்தரப்பாருக்குச் சாதகமாகவே தொடங்குவோம். 2022 யூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு விற்றதையும், அதற்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் கிடந்ததையும் மறந்துவிடுவோம். 2025இல் இருந்தது போன்று லீற்றர் ஏறத்தாழ 300 ரூபா என்றே கொள்வோம். லீற்றருக்குப் பன்னிரண்டரைக் கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 100 கிலோமீற்றருக்கு 8 லீற்றர் வேண்டும். செலவு 2,400 ரூபா. அதே தூரத்துக்கு, மின்னேற்றும்போது வீணாவதையும் சேர்த்து, மின்வண்டிக்கு 18 அலகு போதும். அலகு 50 ரூபாவாயின் 900 ரூபா!

இதில் வியப்பென்ன? கிணற்றடியில் மண்ணெண்ணெய் யந்திரத்தை அகற்றி மின்மோட்டார் பூட்டிய தோட்டக்காரருக்கு இதனை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவிய 2022 ஓகஸ்டை அவர் மறந்திரார். பெற்றோல் எஞ்சின் தான் குடிக்கும் எண்ணெயின் சக்தியில் மூன்றிலொரு பங்கைக்கூட வீதியில் சில்லுக்கு அனுப்புவதில்லை; எஞ்சியது வெப்பமாய்க் காற்றோடு போகின்றது. எஞ்சின் ஒயில், பிளக், கிளச்சுத் தட்டு ஆகிய செலவுகளும் மின்வண்டிக்கு இல்லை.

பற்றறி தேயுமே என்பர். தேயும், மறைக்கமாட்டோம். பத்தாண்டுகளுக்கு முன் இந்நாட்டில் பெருகிய நிசான் லீஃப் வண்டிகளின் பற்றறிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. நம் வெயில் அதற்குப் பகையாயிற்று. ஆயினும் 2010இல் கிலோவாற்மணிக்கு 1,000 டொலரைக் கடந்திருந்த பற்றறியின் உலகச் சராசரி விலை 2024இல் 115 டொலராகச் சரிந்தது. பழைய வண்டியின் பற்றறியைப் பரிசோதியாது வாங்குவோருக்காக வாதாட நாம் முன்வரோம்.

ஆனால் எதிர்த்தரப்பார் எடுத்துரைக்கத் தவறிய வலுவான வாதம் ஒன்றுண்டு. அவர்களுக்காக அதனையும் நாமே கூறுவோம். ஹைபிரிட் எனப்படும் சிறு கலப்பு வண்டி லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும்; 100 கிலோமீற்றருக்குச் செலவு 1,500 ரூபா. மறுபுறம், மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடும் மின்வண்டி 180 அலகு உண்ணும். வீட்டு மின்கட்டணமோ படிப்படியாய் ஏறும் ஏணி. 2023 பெப்ரவரியில் 180க்கு மேற்பட்ட ஒவ்வோர் அலகுக்கும் 75 ரூபா விதித்தார்கள். வீட்டுப் பாவனையே 180ஐத் தொடும் குடும்பத்துக்கு, வண்டியின் உணவு முழுவதும் அந்த உச்சப் படியில் விழும்; 100 கிலோமீற்றருக்கு 1,350 ரூபா. ஆக, இரண்டுக்கும் இடையே மிஞ்சியது 150 ரூபா! மின்வண்டியின் வெற்றியை விழுங்கியது அதன் யந்திரமா? அல்ல, கட்டணப் பட்டியலே.

இரவு பத்தரைக்குப் பின் சலுகை விலை தரும் நேரவாரிக் கட்டணம் ஏற்படுத்தினோமே என்று அதிகாரிகள் கூறுவர். நன்று. இரவில் எரிவது நுரைச்சோலையின் நிலக்கரி. நண்பகலில் பொழிவது சூரியன். அந்தச் சூரியனுக்கு நடந்தது யாது? 2025 ஏப்பிரல் புத்தாண்டு விடுமுறையில், மின்சாரத்துக்குக் கேள்வி குறைந்துவிட்டதென்று, கூரைச் சூரிய மின்தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை மக்களை வேண்டிக்கொண்டது. கப்பலில் வரும் எண்ணெய்க்கு டொலர் எண்ணிக் கொடுக்கும் நாடு, கூரையில் இறங்கும் சக்தியை வேண்டாமென்று கை விரித்தது. என்னே நிர்வாகம்!

அந்த நண்பகல் வேளையில் நம்மவர் வண்டிகள் எங்கே நிற்கின்றன? ஆசிரியரின் வண்டி பாடசாலை வளவில்; எழுதுவினைஞரின் வண்டி கச்சேரி வேப்ப மர நிழலில்; வைத்தியரின் வண்டி ஆஸ்பத்திரி வாசலில். விடியற்புறம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிச் சென்ற கமக்காரரின் வண்டியும் வீடு திரும்பி முற்றத்தில் ஓய்கின்றது. விற்க ஆளில்லாத மின்சாரம் ஒருபுறம். வாங்கக் காத்து நிற்கும் பற்றறி மறுபுறம். இரண்டையும் இணைக்க வேண்டியது ஒரு கம்பியும் ஒரு நியாயமான விலையும். பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலால் கிளப்பி மண்ணெண்ணெயில் வண்டியோட்டிய குடாநாட்டு மக்களுக்கு இது பெருவித்தையன்று.

எனவே, வாகன மின்னேற்றத்துக்கு வீட்டுப் பாவனையோடு கலவாத தனி மீற்றர் வேண்டும்; நாளின் மிகக் குறைந்த விலை நண்பகலுக்கே உரியதாக வேண்டும்; கச்சேரி, ஆஸ்பத்திரி, பாடசாலை வளவுகளில் மின்னேற்ற வசதி வேண்டும். நண்பகல் அலகு 25 ரூபாவாயின் 100 கிலோமீற்றருக்கு 450 ரூபா என்பதைக் கணக்கறிந்தோர் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மின்கட்டணத்தை மாற்றுமுன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கேட்பது வழக்கம். அடுத்த அறிவித்தல் வெளிவந்தவுடன் கமக்காரர் சங்கங்களும் உத்தியோகத்தர் சங்கங்களும் தத்தம் மின்பட்டியலையும் பெற்றோல் பற்றுச்சீட்டையும் இணைத்து மனுச் செய்தல் வேண்டும். மனுவை வரைந்து கொடுக்க நாம் சித்தமாயிருக்கின்றோம்.