கேள்வி நேரம்: கிறிஸ்துமஸ் மரம் ஏற்ற மின்சார ‘குட்டி யானை’ வாங்கலாமா?

‘‘துடியலூர் பக்கத்துல முக்கால் ஏக்கர்ல நர்சரி வெச்சிருக்கோமுங்க. கறிவேப்பிலை, எலுமிச்சை, தென்னங்கன்றோட கிறிஸ்துமஸ் மரமும் பையில வளர்த்து விக்கிறோம். டிசம்பர் வந்தா வாடகை வண்டி கிடைக்கிறதே கஷ்டம். கோயமுத்தூர் டவுனுக்கும், சில சமயம் குன்னூருக்கும் அனுப்ப வேண்டியிருக்கு. இப்ப வர்ற மின்சார மினி லாரியைக் கடன்ல வாங்குனா கட்டுபடியாகுமுங்களா? வீட்டுக்குக் கார்ல மரம் வாங்கிட்டுப் போறவங்க, வழியிலேயே ஒடைஞ்சுபோச்சுன்னு திரும்பக் கொண்டு வர்றாங்க. அதுக்கும் வழி சொல்லுங்க.’’

- நர்சரி நடத்தும் வாசகர், துடியலூர்.

முதலில் வண்டி விஷயம். டிசம்பர் மாத நெருக்கடியை மனதில் வைத்துக்கொண்டு வண்டி வாங்கக் கூடாது. வருடம் முழுவதும் தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதுதான் மின்சார வண்டிக்கான முதல் கேள்வி. பதில் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

ஒரு கிலோமீட்டருக்கு என்ன மிச்சம்?

இன்று சின்னச் சரக்கு வண்டிகளில் மின்சார மாடல்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. 2022-ல் டாடா ஏஸ் இவி அறிமுகமானது. 2024-ல் மஹிந்திரா ஜியோ வந்தது. 2025 ஜூன் மாதம் வந்த டாடா ஏஸ் புரோ, பெட்ரோல், மின்சாரம் என இரண்டு வகையிலும் கிடைப்பதால் கணக்குப் பார்க்க வசதியாக இருக்கிறது. இரண்டும் 750 கிலோ வரை சுமை ஏற்றக்கூடியவை. அறிமுக விலை பெட்ரோல் வண்டிக்கு 3.99 லட்சம் ரூபாய், மின்சார வண்டிக்கு 6.50 லட்சம் ரூபாய். வித்தியாசம் 2.51 லட்சம் ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் பெட்ரோல், டீசல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. மின்சார வண்டிக்கு ஏற்கெனவே 5 சதவிகிதம்தான். எனவே, இன்றைய விலையில் வித்தியாசம் இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும்.

மின்சார ஏஸ் புரோவின் பேட்டரி 14.4 யூனிட் மின்சாரம் பிடிக்கும். ஒருமுறை சார்ஜ் செய்தால் 155 கிலோமீட்டர் என்பது சோதனை முறையில் சொல்லப்படும் தூரம். சுமையோடு, மேட்டுப்பாளையம் ரோட்டின் நெரிசலில் ஓட்டும்போது 100 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்வதே பத்திரம். சார்ஜ் ஏற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 16.5 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய். ஆக, மின்சார வண்டியில் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் மிச்சம்.

இனி மூன்று விதமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

* தினமும் 80 கிலோமீட்டர் வீதம் வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 24,000 கிலோமீட்டர். மிச்சம் 96,000 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த விலை சுமார் இரண்டே முக்கால் வருடத்தில் திரும்பிவிடும்.
* தினமும் 40 கிலோமீட்டர் என்றால் வருடத்துக்கு 48,000 ரூபாய் மிச்சம். விலை திரும்ப ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். கடன் வட்டியைச் சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும்.
* டிசம்பரில் 20 நாள் மட்டும் தினமும் 75 கிலோமீட்டர் ஓடினால் மொத்தமே 1,500 கிலோமீட்டர். மிச்சம் 6,000 ரூபாய். வண்டியின் ஆயுளுக்குள் விலை திரும்பாது.

இதிலிருந்து முடிவு தெளிவாகவே தெரிகிறது. கறிவேப்பிலைக் கன்று, தென்னங்கன்று என்று வருடம் முழுக்க டவுனுக்கு ஓட்டம் இருந்தால் வாங்கலாம். பக்கத்துத் தோட்டத்துக் காய்கறியையும் அதே வண்டியில் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்துகொண்டால் ஓட்டம் கூடும். இரண்டு, மூன்று நர்சரிக்காரர்கள் சேர்ந்து ஒரு வண்டி வைத்துக்கொள்வதும் இதற்கு நல்ல வழி. டிசம்பருக்காக மட்டும் என்றால், நவம்பர் முதல் வாரத்திலேயே வாடகை வண்டிக்கு முன்பணம் கொடுத்து நாள் குறித்துவிடுவதே லாபம். வாங்குவதற்கு முன், ஒரு மாதம் வாடகை வண்டி ஓடிய கிலோமீட்டரைத் தினமும் நோட்டில் எழுதிவைத்தால் போதும். ஷோரூமில் சொல்லும் கணக்கைவிட அந்த நோட்டு நம்பகமானது.

குன்னூர் மலைக்கு ஏறுமா?

சமவெளிக் கணக்கு மலைக்குப் பொருந்தாது. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,500 மீட்டர். வண்டியும் சுமையும் சேர்ந்து 1,600 கிலோ என்று வைத்தால், அந்த எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே ஆறரை யூனிட் மின்சாரம் வேண்டும். மோட்டார் இழப்பைச் சேர்த்தால் எட்டு யூனிட்டை நெருங்கும். துடியலூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 25 கிலோமீட்டர், பிறகு மலைப்பாதையில் 30 கிலோமீட்டருக்கு மேல் சக்கரம் உருள்வதற்கும் தனியாக ஐந்தாறு யூனிட் ஆகும். 14.4 யூனிட் பேட்டரி, குன்னூர் போய்ச் சேரும்போது கிட்டத்தட்ட காலியாகிவிடும்.

இறங்கும்போது மோட்டாரே பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பி ஏற்றும் என்பது உண்மைதான். ஆனால், அது இறக்கத்தில்தான் கிடைக்கும். ஏறும்போது பாதி வழியில் நின்றுபோனால் அதனால் பயனில்லை. எனவே, மலைக்கு ஆர்டர் இருந்தால் பாதிச் சுமை ஏற்றுங்கள். மேட்டுப்பாளையத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். இல்லையென்றால் பெரிய பேட்டரி வண்டியைப் பாருங்கள். ஏஸ் இவி, மஹிந்திரா ஜியோ இரண்டிலும் 21.3 யூனிட் பேட்டரி வருகிறது. விலையும் அதற்கேற்பக் கூடுதல்தான்.

தோட்டத்து மின்சாரத்தில் சார்ஜ் போடலாமா?

கூடவே கூடாது. இலவச விவசாய இணைப்பு பாசன மோட்டாருக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. அதில் வண்டிக்குச் சார்ஜ் போட்டால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் பிரிவு 126-ன் கீழ் அனுமதியற்ற பயன்பாடாகக் கருதப்படும். உரிய கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு கணக்கிட்டு வசூலிக்கலாம். பெட்ரோலில் மிச்சம் பிடித்தது அத்தனையும் அதில் போய்விடும்.

வீட்டு இணைப்பில் போடுவதாக இருந்தாலும் கணக்கு வேண்டும். தினமும் 40 கிலோமீட்டர் ஓடும் வண்டி இரண்டு மாதத்தில் சுமார் 400 யூனிட் எடுக்கும். வீட்டுப் பயன்பாடு அதோடு சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் கட்டணம் உயர்ந்துவிடும். அதனால், மின்வண்டி சார்ஜிங்குக்கான தனி இணைப்பு பற்றி உங்கள் பிரிவு மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். 15 ஆம்பியர் பிளக்கில் மூன்றேகால் யூனிட்டுக்கு மேல் ஒரு மணி நேரத்தில் ஏறாது. ஆகவே, காலியான பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகச் சில மணி நேரம் பிடிக்கும். அதற்குத் தனி வயர், தனி பிரேக்கர், நல்ல எர்த் மூன்றும் கட்டாயம். நீட்டிப்பு ஒயர் போட்டு, கொட்டகையில் வைக்கோல், சாக்குப் பக்கத்தில் சார்ஜ் போடும் பழக்கம் ஆபத்தானது.

மானியம் கிடைக்குமா?

மின்சார லாரிகளுக்கு மத்திய அரசின் பி.எம் இ-டிரைவ் திட்டத்தில் ஒரு வண்டிக்கு 9.6 லட்சம் ரூபாய் வரை ஊக்கத்தொகை என்று 2025 ஜூலையில் அறிவிப்பு வந்தது. அது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல் 55 டன் வரையுள்ள பெரிய லாரிகளுக்கானது. பழைய லாரியை உடைத்த சான்றிதழும் வேண்டும். ‘குட்டி யானை’ ரக வண்டிகள் அதில் வராது. இந்த மானியத்தைக் காட்டி யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தமிழக மின்வாகனக் கொள்கையில் சாலை வரி விலக்கு உண்டு. பதிவு செய்யும் தேதியில் அது நடப்பில் இருக்கிறதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, பிறகு விலைப்பட்டியலில் கையெழுத்துப் போடுங்கள்.

மரம் ஏன் வழியில் கெடுகிறது?

நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்பனையாவது பெரும்பாலும் அரகேரியா. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே இருக்கும் நார்ஃபோக் தீவைச் சேர்ந்த மரம் இது. அடுக்கடுக்காகக் கிளை விரிவதுதான் இதன் அழகு. அந்த அழகுக்கு ஆதாரம் நுனிக்குருத்து. அது ஒடிந்தால் மரம் பழையபடி நேராக, ஒரே சீராக வளராது. மாங்கன்றுபோல வெட்டிவிட்டால் தழைக்கும் என்று நினைக்கக் கூடாது. ஒரு நுனி ஒடிந்தால், பல வருட வளர்ப்பு அடிமாட்டு விலைக்குப் போய்விடும். அதனால், விற்பவரும் வாங்குபவரும் காப்பாற்ற வேண்டியது முதலில் நுனியைத்தான்.

ஏற்றுவதற்கு முதல்நாள் மாலையே தண்ணீர் விட வேண்டும். காலையில் விட்டால் பை சொதசொதவென்று இருக்கும், எடையும் கூடும். தண்ணீரே விடாவிட்டால் வேரைச் சுற்றியுள்ள மண்கட்டி உதிரும். கிளைகளைக் கீழிருந்து மேலாக, மேல்நோக்கி மெல்ல மடக்கி, நிழல்வலைத் துண்டைச் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டுங்கள். நுனியைவிட ஒரு சாண் உயரமான மூங்கில் குச்சியைத் தண்டோடு சேர்த்துக் கட்டினால், எதில் இடித்தாலும் அடி குச்சிக்குத்தான் விழும். நுனிக்குருத்தைக் குச்சியோடு சேர்த்து இறுக்கக் கூடாது.

மினி லாரியில் பைகளை நிற்க வைத்து, ஒன்றோடு ஒன்று நெருக்கி, இடைவெளியில் சாக்கு திணித்து, பக்கப்பலகையோடு கயிறு கட்ட வேண்டும். மேலே நிழல்வலை போர்த்தினால் காற்றில் இலை காயாது. மரத்தைப் பிடித்துக்கொள்ள என்று பின்னால் ஆளை உட்கார வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சட்டப்படி தவறு என்பது ஒருபுறம். திடீரென்று பிரேக் போட்டால் மரத்தோடு மனிதனும் ரோட்டில் விழுவான். வண்டிக்கு வெளியே சுமை அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 194-ம் பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதமும் உண்டு.

காரில் கொண்டு போகிறவர்களுக்கு…

இதை ஒரு சீட்டில் எழுதி, மரத்தோடு கட்டிக் கொடுத்துவிடலாம்.

* பையில் உள்ள மரத்தைக் கார் கூரையில் ஏற்றக் கூடாது. 30 லிட்டர் ஈரமண் உள்ள பை 45 கிலோவுக்கு மேல் இருக்கும். அது கூரையில் உருண்டால் கயிறு தாங்காது.
* பின்சீட்டை மடக்கி, பையை முன்சீட்டின் முதுகோடு ஒட்டி வைத்து, மரத்தைப் படுக்க வைக்க வேண்டும். நுனி பின்கதவுப் பக்கம் இருக்கட்டும். பை உருளாமல் இரண்டு பக்கமும் மடித்த சாக்கு அல்லது செங்கல் வைத்து, கயிறு கட்டி நிறுத்துங்கள். மோதலில் அந்தப் பை தன் எடையைப்போலப் பல மடங்கு விசையோடு முன்னால் பாயும். அதன் நேர் எதிரே குழந்தையை உட்கார வைக்காதீர்கள்.
* ஓட்டுநருக்கு இடப்பக்கக் கண்ணாடி மறையக் கூடாது.
* மரம் நீளமாக இருந்தால் டிக்கியைத் திறந்து வைத்து ஓட்டக் கூடாது. வெளிக்காற்றில் நுனி கருகும். பெட்ரோல், டீசல் காரில் சைலன்ஸர் புகையும் உள்ளே இழுக்கப்படும். ஆறு அடிக்கு மேல் என்றால் சரக்கு ஆட்டோவே நல்லது.
* வெட்டிய சவுக்குக் கொப்பு வாங்குகிறவர்கள் அதைக் கூரையில் கட்டலாம். அடியில் பழைய போர்வை விரித்து, வெட்டுப்பகுதி காரின் முன்பக்கம் பார்க்க வைத்தால், காற்று கிளையை விரிக்காமல் தழுவிக்கொண்டு போகும். கூரைக் கம்பியில் இரண்டு இடத்தில் கட்டி, இரண்டு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கதவுக் கைப்பிடியில் கட்டக் கூடாது.
* வீட்டுக்குப் போனதும் வலையைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். ஏ.சி காற்று நேராகப் படக் கூடாது. காய்ந்த சவுக்கு சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதால், மெழுகுவத்தியும் சூடாகும் பழைய சீரியல் பல்பும் வேண்டாம், எல்.இ.டி போதும். கொப்பைத் தண்ணீர் வாளியில் நிறுத்தி வைத்தால் கூடுதலாகச் சில நாள் பசுமையாக இருக்கும்.

பண்டிகை முடிந்ததும் அரகேரியாவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரு வாரம் நிழலில் வைத்துப் பழக்கி, பிறகு வாசலிலோ தோட்டத்திலோ நடலாம். பெரிய மரமாக உயரும் என்பதால் வீட்டுச் சுவருக்கும் மின்கம்பிக்கும் தள்ளி இடம் பாருங்கள். நுனி ஒடியாமல் வந்து சேர்ந்த மரம் என்றால், அடுத்தடுத்த வருடங்களிலும் அதே மரத்துக்கு நட்சத்திரம் கட்டலாம்.