சாக்ஸ் அணியாத கால்கள்

மூட்டு அறுவைச் சிகிச்சையைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதுவது பொருத்தந்தானா என்ற ஐயம் நண்பர்களுக்கு எழக்கூடும். எனக்கும் எழுந்தது. நான் எழுத நினைப்பது நோயாளியிடம் கேட்கப்படும் கேள்விகளைப் பற்றி. கேள்விகள் சொற்களால் ஆனவை. அந்த அளவுக்கு எனக்கும் இதில் பேச உரிமை உண்டு என்று கருதிக்கொள்கிறேன்.

என் அம்மா ஏற்காட்டில், சேர்வராயன் மலைச்சரிவில் இருக்கும் காப்பித் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். கார்த்திகை தொடங்கித் தை, மாசி வரை பழம் பறிப்பு. மற்ற மாதங்களில் களையெடுப்பு, கவாத்து, மிளகு. மாலையில் பழமூட்டையைத் தலையில் வைத்துச் சரிவில் இறங்கி எடை போடும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். நின்றோ குந்தியோ செய்கிற வேலைகளே அவருடைய வாழ்நாள் முழுவதும். நாற்காலியில் அமர்ந்து செய்த வேலை ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

இரண்டாண்டுகளுக்கு முன் அவருடைய வலது முழங்காலில் செயற்கை மூட்டுப் பொருத்தினார்கள். அறுவைக்கு முன்னர் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்ததால் நான் வாசித்துப் பொருள் சொன்னேன். சாக்ஸ் மாட்டுவதில் சிரமம் எவ்வளவு? கழற்றுவதில்? குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏறுவதில்? காரில் ஏறி இறங்குவதில்? ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’ என்பதிலிருந்து ‘மிகக் கடுமை’ வரை ஐந்து விடைகள். அம்மா சிரித்துவிட்டார். “ஏங்கண்ணு, நான் எப்ப சாக்ஸு மாட்டுனேன்?” என்றார்.

மாட்டியதே இல்லை என்பதற்கு அங்கே கட்டம் இல்லை. ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். தொட்டிக்கும் அப்படியே. பின்னர் யோசித்தபோதுதான் செய்தது என்ன என்று புரிந்தது. அம்மாவின் முழங்கால் காகிதத்தில் உண்மையில் இருந்ததைவிட நலமாகிவிட்டது. அவர் உண்மையாகவே சிரமப்பட்டவற்றை, அதாவது குந்தி எழுவதை, சம்மணமிட்டு அமர்வதை, ஈரச் சரிவில் இறங்குவதை, அந்தப் படிவம் கேட்கவேயில்லை. ‘சமதளத்தில் நடப்பது’ பற்றிக் கேட்டது. எங்கள் வீட்டுக்குச் சமதளத்தின் வழியே வந்தவர் எவரும் இல்லை.

அந்தப் படிவத்தின் பெயர் வோமேக். 1980களில் கனடாவின் மேற்கு ஒண்டாரியோ, மக்மாஸ்டர் பல்கலைக்கழகங்களில் உருவானது. வலி பற்றி 5, விறைப்பு பற்றி 2, அன்றாடச் செயல்கள் பற்றி 17, ஆக 24 கேள்விகள். உலகெங்கும் மூட்டு ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படுவது இதுதான். இதைப் பழிக்க எனக்கு எண்ணமில்லை. ஊடுகதிர்ப் படத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்காமல் நோயாளியின் வாயால் கேட்க வேண்டும் என்று முன்வந்த கருவி இது. கனடாக்காரருடைய குளிரையும் காலுறையையும் தொட்டியையும் அது அறிந்திருந்தது. நம்முடையதை நாம்தான் அறிவிக்க வேண்டும். புணேயில் இந்திய வாழ்க்கைக்கேற்ப இதை மாற்றி அமைத்திருக்கிறார்கள். அத்தகைய வடிவங்கள் நம் மலையடிவாரம் வரை வந்து சேரவில்லை என்பதே என் குறை.

இது வெறும் மொழிச் சிக்கல் அன்று. நடப்பதற்கு முழங்கால் ஏறத்தாழ 60, 70 பாகை மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழ 90 பாகைக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். குந்துவதற்கு 111 முதல் 165 பாகை வரை தேவைப்படும் என்று 2001இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. செயற்கை மூட்டுப் பொருத்தியவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது 110, 120 பாகையளவு. அதாவது, மேற்கத்திய வாழ்க்கை நின்றுவிடும் இடத்தில்தான் நம்முடைய வாழ்க்கை தொடங்குகிறது. கூடுதலாக மடங்கும் மூட்டுகள் என்று சில வடிவங்கள் சந்தைக்கு வந்தன. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அறுவைக்கு முன் கால் எவ்வளவு மடங்கியதோ அதுவே பின்னரும் பெரிதும் தீர்மானிக்கிறது.

சரிவின் கணக்கும் உண்டு. பெர்லினில் அளவுமானி பொருத்திய செயற்கை மூட்டுகளை ஐந்து பேருக்கு வைத்து, உள்ளே விழும் சுமையை நேரடியாக அளந்து 2010இல் வெளியிட்டார்கள். சமதளத்தில் நடக்கையில் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. படியில் இறங்குகையில் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. ஐம்பது கிலோ எடையுள்ள பெண் இறங்கும் ஒவ்வொரு படியிலும் முழங்கால் 175 கிலோவைச் சுமக்கிறது. தலைமேல் இருக்கும் மூட்டையை இதில் நான் சேர்க்கவில்லை. ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை என்று எங்கள் ஊர்க் கிழவிகள் எந்த மானியும் இல்லாமலே சொல்லிவந்தார்கள்.

மருத்துவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது அழகல்ல. ஆழமாக மடக்கும்போது உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்ளும் பரப்புக் குறுகி, அழுத்தம் ஓரத்தில் குவிகிறது. அது தேய்மானத்துக்கு வழி. தேய்மானம் எவ்வளவு கொடியது என்பதை இத்துறை பட்டே அறிந்தது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லானைப் பயன்படுத்தினார். சில ஆண்டுகளிலேயே அவை தேய்ந்து நோயாளிகள் திரும்பி வந்தார்கள். 1962இல் பாலிஎத்திலீனுக்கு மாறிய பின்பே அச்சிகிச்சை நிலைபெற்றது. ஆகவே “குந்தாதீர்கள்” என்று மருத்துவர் சொல்வது அலட்சியத்தால் அன்று. என் வருத்தம் வேறு. குந்தாமல் இவர் எப்படி வாழ்வார் என்று அறுவைக்கு முன்னர் எவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் கழிப்பறை குந்தும் வகை என்பதும், பாதையிலிருந்து வீட்டுக்கு முப்பத்தெட்டுக் கற்படிகள் என்பதும் வீடு திரும்பும் நாளில், தடை செய்யப்பட்டவற்றின் பட்டியலைக் கையில் வாங்கிய பிறகே பேச்சுக்கு வந்தன.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. அதுவும் நம் மலைகளுக்கு அருகிலேயே. இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர் பால் பிராண்ட். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் அம்மலையில் ஊழியம் செய்து, 1929இல் காய்ச்சலால் அங்கேயே இறந்தவர். மகன் இங்கிலாந்தில் முதலில் கட்டட வேலை பயின்று, பிறகு மருத்துவரானார். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றிருந்தபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றினார். அந்தப் பிடியின் வலிமை அவரை வலிக்கச் செய்தது. செத்துப்போன கை என்று எல்லோரும் கருதியதில் இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது? அந்த ஒரு கேள்வியிலிருந்து ஆய்வு தொடங்கியது. எந்தத் தசைகள் செயலிழக்கின்றன, எவை பிழைத்திருக்கின்றன என்று கண்டு, பிழைத்த தசைநாணை இடம் மாற்றித் தைக்கும் அறுவையை 1948இல் செய்தார்.

அதன் பின்கதைதான் எனக்கு முக்கியம். விரல் நிமிர்ந்த சிலர் திரும்பி வந்து, இந்தக் கையோடு பிச்சை எடுக்க முடியவில்லை என்றார்கள். கை குணமானது, பிழைப்புப் போயிற்று. பிராண்ட் அதை நன்றிகெட்ட பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. தொழில் கற்றுத்தரும் புதுவாழ்வு மையம் வேலூரில் எழுந்தது. பாதப் புண்கள் நோயினால் தாமே அழுகுபவை அல்ல, உணர்வற்ற காலில் ஓயாமல் விழும் அழுத்தத்தால் வருபவை என்று கண்டபோது, மென்மையான நுண்துளை ரப்பரால் செருப்புச் செய்யும் வேலையில் இறங்கினார்கள். அவர் 1966இல் அமெரிக்காவின் கார்வில்லுக்குச் சென்றபோது அந்த அறிவு நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைக் காக்கவும் பயன்பட்டது. ஏழையின் செருப்பிலிருந்து தொடங்கிய ஆய்வு உலகுக்குப் பொதுவானது.

ஜெய்ப்பூர்க் கால் இன்னோர் உதாரணம். மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் 1960களின் இறுதியில் உருவாக்கிய அக்கால், வெறுங்காலோடு வயலில் நடப்பவனையும் குந்தி அமர்பவனையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. மேற்கத்தியச் செயற்கைக்கால் சப்பாத்துக்குள் மறைவதற்கென்று செய்யப்பட்டிருந்தது. நம்மவன் சப்பாத்து அணிவதில்லை என்ற எளிய உண்மையைக் கண்டுகொள்ள ஒரு கைவினைஞரின் கண் தேவைப்பட்டது.

நாற்காலியும் மேற்கத்தியக் கழிப்பறையும் எங்கும் வந்துவிட்டன, இன்னும் ஒரு தலைமுறையில் தரையில் அமர்பவர் எவர் என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கலாம். ஆனால் இன்று முழங்கால் தேய்ந்து நிற்பவர்கள் தரையில் வாழ்ந்த தலைமுறையினர். தவிர, மலையின் சரிவு நாகரிகத்துக்கேற்ப மாறப்போவதில்லை. முழங்கால் மூட்டுகளுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை வரம்பு விதித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமிய வகைக்கு 54,720 ரூபாய் என்று அறிவித்தது. மூட்டின் விலை குறைந்ததால் எங்கள் அம்மாவைப் போன்றவர்களும் அறுவைக் கூடத்துக்கு வர முடிகிறது. வருபவர் மாறும்போது கேள்விகளும் மாறத்தானே வேண்டும்?

இந்த இடத்தில் நம்மைப் போன்றவர்களுக்கும் வேலை இருக்கிறது. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, மதமதப்பு என்று வலிக்கு நம் மக்களிடம் எத்தனை சொற்கள்! ஒவ்வொன்றும் வெவ்வேறு அனுபவம். இவற்றையெல்லாம் ‘வலி’ என்ற ஒரே சொல்லில் அடக்கும் மொழிபெயர்ப்பு, அறிவியலுக்கும் இழப்புத்தான். நம் கல்லூரிகளில் வட்டார வழக்கைத் தொகுக்கும் மாணவர்கள், பக்கத்து அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் ஒரு மாதம் அமர்ந்து கேட்கலாம். எலும்பு மருத்துவரும் தமிழாசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து இருபது கேள்விகளைத் தமிழில் எழுதலாம். எப்படி உட்காருகிறீர்கள்? வீட்டுக்கு எந்த வழியாகப் போகிறீர்கள்? எதைத் தூக்குகிறீர்கள்? இவை அதிகச் செலவு கேட்காத ஆராய்ச்சிகள்.

அம்மா இப்போது வலியில்லாமல் நடக்கிறார். அதற்காக அந்த மருத்துவருக்கு நன்றி சொல்லாத நாளில்லை. சென்ற மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அழைத்துப் போனேன். குனிந்து செல்ல வேண்டிய குகைக் கோயில் அது. அம்மா வாசலோடு நின்றுகொண்டார். உள்ளே போய்த் திருநீறு வாங்கி வந்து கொடுத்தேன். “இந்தக் காலு சாமிகிட்டப் போறதுக்கு மட்டும் ஒத்துவராது போல” என்றார். கோபமில்லை, ஒரு தகவலைப் போலத்தான் சொன்னார். அந்தத் தகவலை எழுதிக்கொள்ள எந்தப் படிவத்திலும் இன்னும் இடமில்லை.