வாசனை வந்தா சுத்தம்னு யார் சொன்னது?

தீபத்துக்குப் பத்து நாள் முன்னாடியே எங்க பக்கம் வீடு கழுவுற சத்தம் ஆரம்பிச்சுடும். திருவண்ணாமலை டவுனை ஒட்டின கிராமம் எங்களது. மகாதீபத்தன்னைக்கு வெளியூர் சொந்தமெல்லாம் எங்க வீட்டுலதான் வந்து இறங்கும்.

போன தீபத்துக்கு என் அக்கா மகள் சென்னையில இருந்து வந்திருந்தா. "மாமா, பாத்ரூமை நான் பார்த்துக்கறேன்"னு உள்ளே போனா. என் வீட்டுக்காரம்மா கொஞ்சம் முன்னாடிதான் தரையில பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தா. இது தெரியாம அவ மேலேயே ஆசிட் கிளீனரை ஊத்திட்டா. ரெண்டு நிமிஷம் ஆகலை. இருமிக்கிட்டே கண்ணைப் பொத்திக்கிட்டு ஓடி வந்தா. வாசல்ல காத்தாட உட்கார வெச்சு, மூச்சு சீராக ஒரு மணி நேரம் ஆச்சு.

அதுல கிளம்பினது குளோரின் வாயு. 1915-ல பெல்ஜியத்துல ஈப்பர்ங்கிற ஊர்ல ஜெர்மன் படை எதிரி மேல விட்டது இதே வாயுவைத்தான். ரெண்டு பாட்டில் ரெண்டு மடங்கு சுத்தம்னு நம்பி, அதை நாம ஆறடி பாத்ரூம்ல தயார் பண்றோம்.

பட்டணத்து நண்பர்களே, உங்ககிட்ட எனக்கு ரெண்டு சண்டை இருக்கு.

முதல் சண்டை, தரைக்கு ஒண்ணு, கண்ணாடிக்கு ஒண்ணு, சிங்க்குக்கு ஒண்ணுன்னு அலமாரி நிறைய பாட்டில் அடுக்குறவங்களோட. எலுமிச்சை வாசனை வந்தா வீடு சுத்தமாயிடுச்சுன்னு நினைக்கிறீங்க. வாசனை மூக்குக்குப் போடுற பூச்சு, அவ்வளவுதான். பூச்சி எதுன்னு பார்க்காம மருந்தடிக்கிற விவசாயியைப் பார்த்து விஷம் விஷம்னு திட்டுறீங்களே, அழுக்கு எதுன்னு பார்க்காம பாட்டிலைத் திறக்கிற நீங்க மட்டும் என்ன பண்றீங்க?

ரெண்டாவது சண்டை, இயற்கை இயற்கைன்னு சொல்றவங்களோட. அபார்ட்மென்ட் டைல்ஸை மெழுக என்கிட்ட சாணி கேட்டு போன் பண்றாங்க. நான் மாடு வெச்சிருக்கறவன், அதனால சொல்றேன்: சாணி கிருமியைக் கொல்லாது. சாணம் தெளிச்சா மண் வாசல்ல புழுதி அடங்கும், மண் தரை வெடிக்காம இறுகும். அதுக்காகத்தான் நம்ம பாட்டிங்க மெழுகினாங்க. டைல்ஸ்ல இறுக்க மண்ணே இல்லையே. சாணியில ரணஜன்னிக் கிருமியே இருக்கலாம். காயத்து மேலயோ, குழந்தை தொப்புள் மேலயோ பட்டா ஆபத்து.

அப்ப என்னதான் பண்றது? அழுக்கோட குணத்தைப் பாருங்க.

தூசின்னா முதல்ல காய்ஞ்ச தரையைப் பெருக்குங்க. அப்புறம் பிழிஞ்ச துணியால துடைங்க. தண்ணி கலங்கினா மாத்துங்க. ஒரே பக்கெட் கலங்கல்ல மூணு ரூமைத் துடைச்சா முதல் ரூம் அழுக்கு மூணாவது ரூமுக்குக் குடி போகும்.

எண்ணெய்க்குக் காரம் வேணும். அகல் விளக்கு எண்ணெய் சிந்தினா முதல்ல அடுப்புச் சாம்பலோ கோலமாவோ போட்டு உறிஞ்ச விடுங்க. அள்ளி எடுத்துட்டு, வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்ங்க. சிக்குப் பிடிச்ச அடுப்பு மேடைக்குக் கொஞ்சம் சலவைச் சோடா போதும்.

டைல்ஸ்லயும் குழாய்லயும் வெள்ளையாப் படியறது போர் தண்ணியோட சுண்ணாம்பு. அது புளிப்புக்குத்தான் அசையும். எலுமிச்சைச் சாறையோ வினிகரையோ துணியில நனைச்சு கால் மணி நேரம் போட்டு வெச்சுத் தேய்ச்சுக் கழுவுங்க. ஆனா மார்பிள், மொசைக், கடப்பாக் கல் மேல புளிப்பு படக் கூடாது. அந்தக் கல்லே சுண்ணாம்பு வகைதான், கறையோட சேர்த்துக் கல்லையும் தின்னுடும். குத்துவிளக்குக்குப் புளி நல்லதுதான், கழுவினதும் ஈரம் போகத் துடைச்சுடணும். இல்லேன்னா திரும்பப் பச்சை பூத்துடும்.

பிளீச்சிங் பவுடரே வேணாம்னு சொல்லலை. வீட்டுல யாருக்காவது வாந்தி பேதின்னா அது வேணும். முதல்ல சோப்பு போட்டு அழுக்கை எடுத்துடுங்க. அழுக்கு இருந்தா பவுடரோட வீரியமெல்லாம் அதுலயே தீர்ந்துடும். அப்புறம் கரைசலை ஊத்திப் பத்து நிமிஷம் விட்டுக் கழுவுங்க. ஜன்னல் திறந்திருக்கட்டும். கூட வேற எதையும் கலக்காதீங்க.

பளபளப்பு மேல இருக்கிற வெறி வீட்டோட நிக்கலை. வேலை சீக்கிரம் முடியும்னு தமிழ்நாட்டுல பல கோயில்கள்ல மணலைப் பீய்ச்சி அடிச்சுக் கல்லைச் சுத்தம் பண்ணினாங்க. கல்லு பளிச்சுன்னு ஆச்சு, கல்வெட்டு எழுத்து தேய்ஞ்சு போச்சு. அப்புறம் அறநிலையத்துறையே அதுக்குத் தடை போட்டுச்சு. நூத்துக்கணக்கான வருஷமா மழையும் வெயிலும் அழிக்காததைச் சுத்தம் பண்றவன் அழிச்சுட்டான்.

எங்க வீட்டுக் குளியல் தண்ணி பின்னாடி இருக்கிற வாழைக்குத்தான் போகுது. நாங்க தரையில எதைக் கொட்டினாலும் வாழை இலை காட்டிக் கொடுத்துடும். உங்க தண்ணி குழாய்க்குள்ள போய் மறைஞ்சுடறதால அதுக்கு முடிவே இல்லேன்னு நினைச்சுக்கறீங்க. அதுவும் எங்கேயோ ஒரு ஏரிக்கோ கிணத்துக்கோதான் போய்ச் சேருது.

இந்தத் தீபத்துக்கும் அக்கா மகள் வர்றா. "என்ன வாங்கிட்டு வரட்டும் மாமா?"ன்னு கேட்டா. "பாட்டில் எதுவும் வேணாம்மா. உங்க அப்பாவோட பழைய பருத்தி வேட்டி ரெண்டு எடுத்துட்டு வா, தரை துடைக்க அதைவிட நல்ல துணி கிடையாது"ன்னு சொல்லியிருக்கேன்.